இரைப்பை அசைய மறுத்தால் மின்சாரம் கை கொடுக்குமா?

சர்க்கரை நோய் உள்ள வணிகர்களுக்கு ஓர் உடல்நலப் பாடம்



சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. கிட்டங்கி நிறைந்து கிடக்கிறது. வெளியே எடுத்து அனுப்ப ஆள் இல்லை. அடுத்த லாரி வாசலில் வந்து நிற்கிறது. இந்த நிலை நம் கடைக்கு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய சரக்கு கெடும்; புதிய சரக்கு திரும்பிப் போகும்; இருப்புக் கணக்கும் குழம்பும்.

இதே நிலை நம் வயிற்றுக்குள்ளும் வரலாம். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் சிலருக்கு, உண்ட உணவை இரைப்பை உரிய நேரத்தில் குடலுக்கு அனுப்பாமல் தேக்கி வைத்துவிடுகிறது. இதை மருத்துவர்கள் 'காஸ்ட்ரோபரிசிஸ்' என்கிறார்கள். நாம் 'இரைப்பைச் சோர்வு' என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சோர்வுக்கு மின் தூண்டல் என்றொரு சிகிச்சை இருப்பதாகப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது என்ன, யாருக்கு, எவ்வளவு பயன் என்பதை இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு மண்டிக்காரரின் கதை

ராமநாதபுரத்தில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர். பெயரைப் போட வேண்டாம், விஷயத்தை எழுதுங்கள் என்றார். வயது 57. சர்க்கரை வந்து 18 ஆண்டுகள். காலை 6 மணிக்குக் கடை திறப்பார். காலைச் சாப்பாடு 11 மணிக்கு, மதியச் சாப்பாடு 4 மணிக்கு. இரவு கணக்கு முடித்து வீடு சேர 11 மணி. பிறகு பரோட்டாவோ, மீன் வறுவலுடன் சோறோ சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கை.

இரண்டு ஆண்டுகளாக அவருக்கு வயிறு உப்புசம். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். 'வாயு' என்று தாமே முடிவு செய்து, சீரக சோடாவும் ஓமத் தண்ணீரும் மருந்துக்கடை மாத்திரையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார். ஒரு நாள் முற்பகலில் வாந்தி. வந்தது முந்தைய இரவு உண்ட கீரை. அப்போதும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரங்கள் கழித்து, இன்சுலின் போட்டுச் சாப்பிட்டும் முடித்த ஒரு மணி நேரத்தில் கல்லாவிலேயே வேர்த்து, கண் இருண்டு சாய்ந்துவிட்டார். கடைப் பையன் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினான்.

"சாப்பிட்டேனே அண்ணாச்சி, அப்புறம் எப்படிச் சர்க்கரை இறங்கும்?" என்று அவர் என்னிடம் கேட்டார். இந்தப் பாடத்தின் மையமே அந்தக் கேள்விதான். அவர் சாப்பிட்டது உண்மை. அந்தச் சாப்பாடு இரைப்பையிலேயே நின்றுவிட்டது. இன்சுலின் மட்டும் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

இரைப்பை எப்படி வேலை செய்கிறது?

இரைப்பை வெறும் பை அன்று. அரவை ஆலையும் கிட்டங்கியும் சேர்ந்தது. மேல்பகுதி உணவை வாங்கி வைக்கும். கீழ்ப்பகுதி அதை அரைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் துகளாக்கும். அதன் பிறகே கடைவாசல் சிறிது சிறிதாகத் திறந்து, உணவைச் சிறுகுடலுக்கு விடும். தண்ணீர், மோர் போன்றவை விரைவில் கடந்துவிடும். சோறு, கறி போன்ற திட உணவு பெரும்பாலும் வெளியேறச் சுமார் 4 மணி நேரம் ஆகும்.

இந்த அரவைக்குத் தாளம் போடுவது மின்சாரம். இரைப்பைச் சுவரில் உள்ள சில நுண்ணிய செல்கள் நிமிடத்துக்கு 3 முறை மெல்லிய மின் அலையை எழுப்புகின்றன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹாலின் பெயரால் அவை 'கஹால் செல்கள்' எனப்படுகின்றன. அவர் 1906-ல் நோபல் பரிசு பெற்றவர். இதயத்துக்கு இயற்கையான பேஸ்மேக்கர் இருப்பதுபோல, இரைப்பைக்கு இந்தச் செல்கள். மூளையிலிருந்து இறங்கி வரும் 'வேகஸ்' என்ற நரம்பு, எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்று சைகை தருகிறது.

நம் பாம்பனையே நினைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். கப்பல் எவ்வளவு நல்ல கப்பலாக இருந்தாலும், சைகை கிடைத்துப் பாலம் எழுந்தால்தான் அது அக்கரைக் கடலுக்குப் போக முடியும். சைகைக் கம்பி அறுந்துபோனால்? பாலத்திலும் பழுதில்லை, கப்பலிலும் பழுதில்லை. ஆனாலும் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும். இரைப்பைச் சோர்வும் இப்படித்தான். வழியில் கட்டியோ அடைப்போ இருக்காது. அசைவுதான் இருக்காது.

சர்க்கரை இதை எப்படிக் கெடுக்கிறது?

பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. கால் மரத்துப்போவது நமக்குத் தெரிந்த உதாரணம். அதே பழுது வேகஸ் நரம்புக்கும் வரலாம். கஹால் செல்களும் குறைந்துபோகலாம். 1958-ல் அமெரிக்க மருத்துவர் கஸாண்டர் இந்த நிலைக்கு முதன்முதலாகப் பெயர் சூட்டி எழுதினார். பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளவர்களிடமே இது காணப்படுகிறது. கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றில் ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய பொழுதில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலே இரைப்பையின் வேகம் தற்காலிகமாகக் குறையும். ஆக, சர்க்கரை கூடினால் இரைப்பை மெதுவாகும். இரைப்பை மெதுவானால் சர்க்கரைக் கணக்கு குழம்பும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பயந்துவிட வேண்டாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்ட மக்களை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட கணக்கின்படி, சிறு வயதில் வரும் முதல் வகை நோயாளிகளில் 10 ஆண்டுகளில் 100-க்கு 5 பேருக்கும், நம்மில் பலருக்கு உள்ள இரண்டாம் வகையில் 100-க்கு ஒருவருக்கும் இந்தச் சோர்வு உறுதியானது. விகிதம் சிறிதுதான். ஆனால் நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகளின் தொகை பெரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் துணையுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். சிறு விகிதமும் பெரும் எண்ணிக்கையாகும் என்பது வணிகர்களுக்குத் தெரியாததன்று.

அடையாளங்கள்

1. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுதல்.
2. சாப்பிட்டுப் பல மணி நேரமாகியும் மேல் வயிறு கனமாக, உப்புசமாக இருத்தல்.
3. குமட்டல், பல மணி நேரத்துக்கு முன் உண்ட உணவு செரிக்காமல் வாந்தியாக வருதல்.
4. காரணமின்றி எடை குறைதல்.
5. அதே சாப்பாடு, அதே மருந்து; ஆனால் சர்க்கரை ஒரு நேரம் மிகவும் இறங்குவதும், இன்னொரு நேரம் மிகவும் ஏறுவதுமாக இருத்தல்.

இதில் ஐந்தாவது அடையாளத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வாந்தி இல்லாதவர்களுக்குக்கூட இது மட்டும் இருக்கலாம். வீட்டில் சோதித்துப் பார்க்கும் சர்க்கரை அளவுகளை, நேரம் குறித்து ஒரு சிட்டையில் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பேரேடு எழுதத் தெரிந்த நமக்கு இது ஒரு வேலையே அன்று.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

முதலில் எண்டோஸ்கோபி. வாய் வழியாகக் குழாய் விட்டு, இரைப்பையில் புண்ணோ, கட்டியோ, அடைப்போ உள்ளதா என்று பார்ப்பார்கள். இதைச் செய்யாமல் 'இரைப்பைச் சோர்வு' என்று முடிவு கட்டக் கூடாது. நம் நண்பருக்கு இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்து பார்த்தபோதும் இரைப்பையில் பழைய உணவு கிடந்தது. அடைப்பு எதுவும் இல்லை.

அடுத்து இரைப்பை காலியாகும் வேகத்தை அளக்கும் ஸ்கேன். மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருள் கலந்த சிற்றுண்டியைக் கொடுத்து, 4 மணி நேரம் வரை படம் எடுப்பார்கள். 4 மணி நேரம் கழித்தும் 100-க்கு 10 பங்குக்கு மேல் உணவு உள்ளே தங்கியிருந்தால் சோர்வு உறுதி. அணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில்தான் இது நடக்கும். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கி.மீ. போகுமுன், சோதனைக்கு முந்தைய நாட்களில் எந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் போன வேலை வீணாகும்.

முதல் சிகிச்சை: சாப்பாட்டு முறை

மின்சாரத்துக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. பெரும்பாலானோருக்கு இவையே போதும்.

மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்தாறு சிறு சாப்பாடாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கொழுப்பும் நாரும் இரைப்பையில் நீண்ட நேரம் தங்கும். ஆகவே எண்ணெயில் பொரித்தவை, பரோட்டா, சால்னா ஆகியவற்றை விலக்க வேண்டும். இங்கேதான் ஒரு முரண்பாடு. சர்க்கரை நோயாளிகளுக்குப் பொதுவாக 'நார்ச்சத்து நிறையச் சாப்பிடு' என்பார்கள். இரைப்பைச் சோர்வு வந்தவருக்கு அதே நார் எதிரியாகும். செரிக்காத நார் இரைப்பைக்குள் உருண்டு கட்டியாகிவிடுவதும் உண்டு. எனவே நம் பக்கத்துப் பனங்கிழங்கு, முற்றிய கீரைத் தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, தோலோடு உள்ள பயறு ஆகியவை அவர்களுக்கு ஆகாது.

குழைந்த சோறு, ரசம், மோர், மெல்லிய இட்லி, வடிகட்டிய சூப், பொரிக்காமல் வேகவைத்த மீன் ஆகியவை எளிதில் கடக்கும். இவற்றிலும் சர்க்கரையை ஏற்றும் மாவுச்சத்து உண்டு என்பதால் அளவை மருத்துவரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். நன்றாக மென்று தின்ன வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்காமல் சிறிது நடக்க வேண்டும். பீடி, சிகரெட் இரைப்பையை மேலும் மெதுவாக்கும். கருப்பட்டி பற்றி ஒரு வார்த்தை: அது நம் மண்ணின் பெருமை, நம் கடைச் சரக்கு. ஆனாலும் அதுவும் சர்க்கரையை ஏற்றும். 'கருப்பட்டிக் காப்பி ஒன்றும் செய்யாது' என்று வாடிக்கையாளருக்குச் சொல்லி விற்காதீர்கள்.

திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் உண்டு. முன்பு உண்டது செரித்ததை அறிந்து அதன் பின் உண்ண வேண்டும் என்பது அங்கே வலியுறுத்தப்படும் கருத்து. இரைப்பைச் சோர்வு உள்ளவருக்கு இது நேரடியான மருத்துவ அறிவுரையே.

அடுத்து மாத்திரைகள்

மெட்டோகுளோப்ரமைடு, டொம்பெரிடோன் போன்றவை இரைப்பையை அசைக்கவும் வாந்தியை அடக்கவும் தரப்படுகின்றன. மெட்டோகுளோப்ரமைடை நீண்ட நாள் சாப்பிட்டால் முகம், நாக்கு தாமாக அசையும் நிரந்தரக் கோளாறு வரலாம். 12 வாரங்களுக்கு மேல் தொடர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2009-ல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. டொம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். எரித்ரோமைசின் என்ற மருந்தும் இரைப்பையை அசைக்கும். சில வாரங்களில் அதன் பலன் குறைந்துவிடும். ஆகவே பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

சில மருந்துகளே இரைப்பையை மெதுவாக்கும். வாரம் ஒரு முறை போடும் செமாக்ளூடைட் ஊசி, டிரமடால் போன்ற வலி மருந்துகள் அவற்றுள் சில. நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மின் தூண்டல் சிகிச்சை

நம் நண்பரின் மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். "அப்பா, வயிற்றில் கரண்ட் மெஷின் வைக்கிறார்களாம். எவ்வளவு ஆனாலும் அனுப்புகிறேன்" என்று போன் செய்தார். வீட்டில் நகையை வைக்கலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. இனி அந்த மெஷினைப் பார்ப்போம்.

குடலை மின்சாரத்தால் அசைக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. 1963-லேயே மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள், அறுவைக்குப் பின் அசையாமல் நிற்கும் குடலுக்கு மின் தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று சிகிச்சையில் உள்ள கருவி 'என்டெரா' என்பது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதற்கு ஒரு தனி வகை அனுமதி வழங்கியது. சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளுக்கு, வேறு வழி இல்லாத நிலையில் பயன்படுத்தலாம் என்ற மனிதாபிமான அனுமதி அது. பாதுகாப்பு ஓரளவு காட்டப்பட்டது. பலன் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை என்பது அந்த அனுமதியின் பொருள்.

அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்தோ, சிறு துளைகள் வழியாகவோ, இரைப்பையின் தசைச் சுவரில் இரண்டு மெல்லிய கம்பிகளைத் தைக்கிறார். கடைவாசலிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று 1 செ.மீ. இடைவெளியில் அவை இருக்கும். கம்பிகளின் மறுமுனை, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைக்கப்படும் சிறு பெட்டியோடு இணைக்கப்படும். பெட்டிக்குள் பேட்டரி. சில ஆண்டுகளுக்குப் பிறகு பேட்டரி தீர்ந்தால் பெட்டியை மாற்ற மீண்டும் ஓர் அறுவை தேவை.

பெட்டி 5 விநாடிகளுக்கு ஒரு முறை, ஒரு ஜோடி மின் துடிப்பை அனுப்பும். நிமிடத்துக்குச் சுமார் 12 முறை. மின்னோட்டம் வழக்கமாக 5 மில்லி ஆம்பியர். ஒரு துடிப்பின் நீளம் ஒரு விநாடியின் 3000-ல் ஒரு பங்கு அளவுதான். இதனால் ஷாக் அடிப்பதுபோல எதுவும் தெரியாது.

இங்கே ஒரு முக்கியமான விளக்கம். இதயப் பேஸ்மேக்கர் தேவைப்படும்போது துடிப்பைத் தானே நடத்தும். இந்தக் கருவி இரைப்பையை அப்படி நடத்துவதில்லை. இரைப்பையின் இயற்கைத் தாளம் நிமிடத்துக்கு 3. இது தருவது 12. தசையைச் சுருங்கச் செய்யும் அளவு வலிமை இதற்கு இல்லை. வேகஸ் நரம்பு வழியாக மூளையின் குமட்டல் மையத்தை இது அமைதிப்படுத்துவதாகக் கருதுகிறார்கள். நீண்ட துடிப்பு கொடுத்து உண்மையாகவே இரைப்பையை இயக்கும் முறையும் உண்டு. அதற்கு மிகுந்த மின்சக்தி வேண்டும் என்பதால் அது ஆராய்ச்சி அளவிலேயே உள்ளது.

லாப நட்டக் கணக்கு

ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். 2003-ல் வெளியான ஆய்வில் 33 பேருக்குக் கருவி வைத்து, ஒரு மாதம் ஓட விட்டும், ஒரு மாதம் நிறுத்தியும் பார்த்தார்கள். எந்த மாதம் ஓடுகிறது என்பது நோயாளிக்குத் தெரியாது. ஓடிய மாதத்தில் வாந்தி குறைந்தது. 2010-ல் சர்க்கரை நோயாளிகள் 55 பேரிடம் நடந்த ஆய்வில், கருவி வைத்த முதல் 6 வாரங்களில் வாந்தி பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் பிறகு ஓட விட்ட காலத்துக்கும் நிறுத்திய காலத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. 2020-ல் பிரான்சில் 172 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், கருவி ஓடிய 4 மாதங்களில் வாந்தி குறைந்தது. இரைப்பை காலியாகும் வேகம் கூடவில்லை. அன்றாட வாழ்க்கைத் தரமும் குறிப்பிடும்படி உயரவில்லை.

வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது இது: எந்த மருந்துக்கும் அடங்காத வாந்தியால் தவிப்பவருக்கு வாந்தி குறையலாம். பற்றுப் பக்கத்தில்: லட்சக்கணக்கில் செலவு, பெட்டி வைத்த இடத்தில் சீழ் பிடிக்கலாம், கம்பி நகரலாம், இரைப்பைச் சுவரைத் துளைக்கலாம், குடலைச் சுற்றலாம், சிலருக்குக் கருவியையே எடுக்க நேரும், பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதிலும் கட்டுப்பாடு உண்டு. சர்க்கரை நோயை இது குணப்படுத்தாது. நரம்புப் பழுதையும் சரிசெய்யாது.

வேறு வழியும் இன்று உண்டு. வாய் வழியாகவே எண்டோஸ்கோபியைச் செலுத்தி, இறுகி நிற்கும் கடைவாசல் தசையை உள்ளிருந்து வெட்டித் தளர்த்தும் முறை 2013-ல் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. யாருக்கு எது பொருந்தும் என்பதை இரைப்பை குடல் நிபுணர் மட்டுமே சொல்ல முடியும்.

கருவி வைக்கச் சொன்னால் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. அடைப்பு இல்லை என்று எண்டோஸ்கோபியிலும், சோர்வு உண்டு என்று 4 மணி நேர ஸ்கேனிலும் உறுதியானதா?
2. உணவு முறையும் மாத்திரைகளும் போதிய காலம் முயன்று பார்த்தாயிற்றா?
3. என் முக்கியத் தொல்லை வாந்தியா, வலியா, உப்புசமா? வாந்தி இல்லாதவருக்கு இதனால் பலன் எதிர்பார்க்க முடியுமா?
4. இதே மருத்துவர் இதற்கு முன் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார்? இப்போது அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?
5. கருவி, அறுவை, பேட்டரி மாற்றுதல் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? காப்பீடு ஏற்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.
6. கருவி கெட்டால் சரிசெய்ய எந்த ஊருக்குப் போக வேண்டும்?

கொள்முதலில் நாலு இடம் விசாரித்து வாங்கும் நாம், உடம்பு விஷயத்தில் ஒரே வார்த்தையில் தலையாட்டிவிடக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: வயிற்றில் கட்டிக்கொண்டால் சர்க்கரையும் செரிமானமும் சரியாகும் என்று 'கரண்ட் பெல்ட்' விற்பவர்கள் வருவார்கள். இந்தப் பாடத்தில் சொன்ன சிகிச்சைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதை வாங்கவும் வேண்டாம், கடையில் வைத்து விற்கவும் வேண்டாம்.

கல்லாவில் இருக்க வேண்டியவை

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேசுவரம் கடைக்காரர்களுக்கு விடியுமுன்பே வியாபாரம் தொடங்கிவிடும். அக்கினி தீர்த்தத்தில் முழுகி வரும் கூட்டத்தின் நடுவே சாப்பாடு நினைவுக்கே வராது. இன்சுலின் போட்டவர் அன்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. அமாவாசை, சஷ்டி விரதம் இருப்போரும், கீழக்கரை, மண்டபம் பக்கம் ரமலான் நோன்பு நோற்கும் சகோதரர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் மருந்தின் நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கைநடுக்கம், வேர்வை, கண் இருட்டு வந்து, சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறாவிட்டால் மறுபடி குடியுங்கள். இரைப்பைச் சோர்வு உள்ளவருக்குப் பிஸ்கட்டோ மிட்டாயோ உதவாது. அவை உள்ளேயே நின்றுவிடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள். இதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள்.

தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி, வாந்தியில் இரத்தம், கறுத்த மலம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி வருகிறதே என்று இன்சுலினைத் தாமாக நிறுத்தவும் கூடாது, வழக்கமான அளவைக் கேட்காமல் போடவும் கூடாது.

வராமல் தடுக்க

1993-ல் அமெரிக்காவில் வெளியான பெரும் ஆய்வு, முதல் வகை நோயாளிகளிடம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நரம்புப் பாதிப்பு பெருமளவு குறைகிறது என்று காட்டியது. நம் மாநிலத்திலேயே இதற்கான அக்கறை பழையது. பேராசிரியர் விசுவநாதன் 1948-லேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 'கடையை விட்டுப் போக நேரமில்லை' என்ற பழைய சாக்கு இனி அவ்வளவாகச் செல்லாது.

நண்பரின் கதையின் முடிவு என்ன? மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கருவிக்கு இப்போது அவசியமில்லை. முதலில் உங்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள்" என்றார். இன்சுலின் போடும் நேரத்தையும் அவரே மாற்றிக் கொடுத்தார். நண்பர் இப்போது சிறு டப்பாக்களில் ஐந்து வேளைச் சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டுவருகிறார். இரவு 11 மணிக்குச் சாத்திய மண்டியை 8 மணிக்கே சாத்துகிறார். அந்த மூன்று மணி நேர வியாபாரம் பக்கத்து மண்டிக்குப் போகிறது. அது நட்டம்தான், அவருக்கு வருத்தமும் உண்டு. உப்புசம் முழுவதும் போகவில்லை. மாதம் ஒரு முறையாவது குமட்டல் வருகிறது. ஆனால் வாந்தி நின்றுவிட்டது. கல்லாவில் சாய்ந்து விழுந்தது அந்த ஒரு நாளோடு சரி. மகன் அனுப்பவிருந்த பணம் பேத்தி பெயரில் வங்கியில் இருக்கிறது.

"மூன்று மணி நேரத்தைக் கொடுத்து முழு நாளை வாங்கினேன், அண்ணாச்சி. விலை கட்டுபடியாகிறது" என்றார் அவர்.

இந்த வாரமே ஒரு சிட்டை எடுங்கள். சாப்பிட்ட நேரம், மருந்து நேரம், சர்க்கரை அளவு மூன்றையும் ஏழு நாள் எழுதுங்கள். கணக்கு உதைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உடல் நலமாக இருந்தால்தான் கடை நடக்கும். கடை நடந்தால்தான் குடும்பம் நடக்கும்.

நலம் பேணுவோம், வணிகம் வளர்ப்போம்.